நாலரை மில்லி

ஒரு கண்ணின் விலை பதினெட்டாயிரம். இரண்டாக எடுத்தால் குறைத்துத் தருவீர்களா என்று கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

மற்றபடி அந்த மாடியறையில் யாரும் பேரம் பேசியதில்லை. துணிக்கடையில் ஒரு கைக்குட்டைக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்கூட, போன கண்ணுக்குப் பதில் ஒன்று வாங்க வந்துவிட்டால், சொன்ன விலையைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பார். பேரம் பேசவும் ஒரு தெம்பு வேண்டுமில்லையா. அதனால் பத்தொன்பது வருடம் தொழில் பார்த்தும் கண்ணுக்காரிக்குப் பேரம் என்றால் என்னவென்றே தெரியாது. தெருவில் அவளை அப்படித்தான் சொன்னார்கள், கண்ணுக்காரி என்று. வேறு பெயர் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பார்க்காத கண்ணைச் செய்வது அவள் வேலை. அச்செடுப்பது, மெழுகில் வடிப்பது, பிளாஸ்டிக்கில் வார்ப்பதெல்லாம் கைப்பழக்கம். பாடு முழுக்கக் கருவிழியில்தான். சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தில், நாலைந்து முடி மட்டும் விட்டுவைத்த தூரிகையால், பழுப்புக்குள் பழுப்பாகக் கோடு கோடாகத் தீட்ட வேண்டும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும். பிறகு சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழை இழையாக வெள்ளையில் ஒட்டினால் நரம்பு. இத்தனையும் மிச்சமிருக்கிற நல்ல கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, மணிக்கணக்கில்.

மளிகைக் கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டாலே வியர்த்துப்போகிற பெண்ணுக்கு இது எப்படி முடிந்தது என்றால், அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மட்டும் பார்ப்பாள், அதுவும் ஒரே ஒரு கண்ணை. முகம் என்பது அவளுக்குக் கண்ணைச் சுற்றி விட்டுவைத்த காலி மனை.

வயது நாற்பத்து நாலு. சாயங்காலமானால் கழுத்து கல்லாகிவிடும். கொஞ்ச நாளாக ஊசியில் நூல் முதல் தடவையில் நுழைவதில்லை. இதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கண் செய்கிறவளுக்கே கண் போகிறது என்று வெளியே தெரிந்தால், கண்ணாஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். வேறு தொழில் தெரியாது. எங்காவது போய் வேலை கேட்கலாமென்றால் அதற்கு வாய் வேண்டும்.

அவள் ஜன்னலுக்கு எதிரே டைல்ஸ் முதலாளியின் வீடு. மூன்று மாடி. கடைச் சரக்குக்கு வீடே விளம்பரமாக இருக்கட்டும் என்று பக்கச் சுவர் முழுக்க மஞ்சள் டைல்ஸ் ஒட்டியிருந்தார். பதினொரு மணிக்கு வெயில் அந்தச் சுவரில் விழுந்ததும் அவள் அறைக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். அப்புறம் எந்தக் கண்ணுக்கும் நிறம் பார்க்க முடியாது. வெள்ளைத் துணி கட்டிப் பார்த்தாள். துணி மஞ்சளானது. எட்டு வருடமாகப் பதினொரு மணிக்குத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, பாதி வேலைக்குப் பாதி வருமானம் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் போய்ச் சொல்லிவிடுவது என்று படியிறங்கி, அவர் வீட்டுக் கேட் வரைக்கும் போனாள். உள்ளே யாரோ தும்மினார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

முதலாளி நேர் எதிர். அவருடைய வாய் கடை திறப்பதற்கு முன்பே திறந்து, கடை சாத்திய பிறகுதான் மூடும். அந்த வாய்தான் கண்ணைத் தின்றது. ஒரு கான்ட்ராக்டர் "இது உடையுமா?" என்று கேட்க, "உடைஞ்சா காசே தர வேண்டாம்" என்று சுத்தியலால் ஓங்கி அடித்தார். உடைந்தது. தெறித்த சில்லு வலது கண்ணுக்குள் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கான்ட்ராக்டரும் கூடவே ஓடி வந்து, "அப்ப விலையைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றாராம். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாராம்.

காயம் ஆறியதும் அவருடைய அக்கா அவரைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டி வந்தாள். மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். அவருக்குச் சட்டை எடுப்பது முதல் மாத்திரை கொடுப்பது வரை எல்லாம் அக்காதான்.

"பதினெட்டா? ஒரு கண்ணுக்கா?" என்றார் முதலாளி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே. "ரெண்டா எடுத்தா என்ன போடுவீங்க?"

"ரெண்டாவது எதுக்குடா? இருக்கிறதையும் நோண்டிக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"ஸ்பேர் வேணும்ல. கொசுறா ஒரு புருவமாவது குடுக்கச் சொல்லு."

கண்ணுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பதினெட்டுதான் சார். சொந்தக்காரங்க வெளிய இருக்கணும்."

"ஏம்மா, நான் அவன் அக்கா. அவனை வளத்ததே நான்தான்."

"அதனாலதான். அளவு தப்பிடும்."

"நான் என்ன அவனைக் கடிச்சா தின்னப் போறேன்?" என்று அக்கா படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் விட்ட பெருமூச்சுகள் உள்ளே வரைக்கும் கேட்டன.

முதல் நாள் முதலாளி நிறுத்தாமல் பேசினார். சரக்கு விலை, லாரி வாடகை, எதிர்க்கடைக்காரன் கலப்படம் பண்ணுவது. டைல்ஸில் எப்படிக் கலப்படம் பண்ண முடியும் என்று அவளுக்குத் தோன்றியது, கேட்கவில்லை. "அசையாதீங்க" என்பதோடு சரி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய இடது கண்: வறுத்த காப்பிக்கொட்டை நிறம், நடுவே கொஞ்சம் தேன், ஓரத்தில் மெல்லிய சாம்பல் வளையம்.

அடுத்த தடவை பேச்சு பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த தடவை, வந்தார், உட்கார்ந்தார், சும்மா இருந்தார். வெகுநேரம் கழித்து, "இங்க வந்து உக்காந்தாதான் எனக்குக் கால் வலிக்குதுன்னே தெரியுது" என்றார். "முப்பது வருஷமா நின்னுக்கிட்டே இருந்திருக்கேன் பாருங்க."

அவள் தூரிகையை மாற்றினாள். அவளுக்கும் கால் வலித்தது. சொல்லவில்லை.

"இப்பெல்லாம் எல்லாரும் என் காதைப் பாத்துப் பேசறாங்க தெரியுமா? கண்ணாடி போட்டாலும் காது, கழட்டினாலும் காது. கண்ணைப் பாக்காதவன்கிட்ட நான் எப்படி விலை சொல்றது? நீங்க ஒருத்தர்தான் நேராப் பாக்குறீங்க."

"தொழில் சார்."

"தொழிலோ என்னமோ. பாக்குறீங்கல்ல."

பதினொரு மணிக்கு அவள் தூரிகையைக் கழுவினாள். "டாண்ணு நிறுத்திடறீங்களே, யூனியன் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றார்.

அவள் யோசித்தாள். எட்டு வருடப் பேச்சு தொண்டைக்குள் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. "உங்க சுவரு" என்றாள்.

"என் சுவரா?"

"மஞ்சள்."

முதலாளி திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவருடைய சுவர் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. அறை, துணி, அவள் கை எல்லாம் மஞ்சள். மெதுவாகப் புரிந்தது. "ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே?"

"வந்தேன் சார். யாரோ தும்மினாங்க."

அவர் சிரித்தார். நாற்காலி ஆடச் சிரித்தார். "அசையாதீங்க" என்று பழக்க தோஷத்தில் சொல்லி நிமிர்ந்தவள், முதல்முறையாகக் காலி மனையைப் பார்த்துவிட்டாள். கண்ணோரத்தில் சுருக்கங்கள் இருந்தன. சிரிப்பு நின்ற பிறகும் அவை போகவில்லை. அதெல்லாம் சிரித்து வந்த சுருக்கம் இல்லை, ஓய்ந்து வந்தது என்று தெரிந்தது. அன்று சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

கடைசியாக, கருவிழியின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டம். பாவை என்பார்களே, அது. வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். செய்கிற கண்ணிலோ ஒரே அளவுதான் தீட்ட முடியும். அவளிடம் ஒரு அட்டை இருந்தது. சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் கறுப்பு வட்டங்கள், பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்ற எண். அவர் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். நாலரை. அந்த வெளிச்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்தாள். அதே நாலரை. சிலருக்கு அப்படி இருக்கும். தீட்டினாள்.

கண்ணைப் பொருத்தியதும் முதலாளி கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அக்கா உள்ளே வந்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, பதினெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள்.

"இனிமே வர வேண்டியதில்லையா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"வருஷத்துக்கு ஒருக்கா பாலிஷ் போடணும்" என்றாள்.

"வருஷத்துக்கா" என்றவர் படியிறங்கிப் போனார். அன்று பதினொரு மணிக்கு மேலும் அவள் தூரிகையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அக்கா படியேறி வந்த சத்தத்திலேயே விவகாரம் தெரிந்தது.

"ஏம்மா, நீ பண்ணது கண்ணா, பட்டனா? மரச்சாமான் கடைக்காரங்க வீட்டுப் பொண்ணை இவனுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். நல்ல இடம். அவங்களும் நம்ம மாதிரி வியாபாரம். நேத்து வந்து உக்காந்தாங்க. அரைமணி நேரம் இவன் மூஞ்சியையே பாத்துட்டுப் பொண்ணோட அம்மா கேக்கறாங்க, 'தம்பிக்கு ஒரு கண்ணு எங்களைப் பாத்து ஆச்சரியப்படுது, இன்னொண்ணு கண்டுக்கவே இல்லையே'ன்னு! எனக்குத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காரலாமான்னு ஆயிடுச்சு. வலது பாவை பெருசு, இடது சிறுசு. ஆஸ்பத்திரியில கேட்டா, ஒருவேளை கண்ணு பண்ற அந்தம்மாவுக்கே பார்வை குறைஞ்சிருக்கும்ங்கறாங்க!"

பார்வை குறைஞ்சிருக்கும். கண்ணுக்காரிக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது. ஊசியில் நூல் நுழையாதது இதுதானா? அதற்குப் பின்னால்தான், பெண் பேசுகிறார்கள் என்பது காதில் விழுந்தது. அது தனியாக, வேறொரு இடத்தில் வலித்தது.

மறுநாள் காலை முதலாளியை உட்கார வைத்துப் பார்த்தாள். இடது நாலரை, வலது நாலரை. துல்லியம். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்ப சரியாத்தான் இருக்கு!" என்று அக்கா வாயில் கைவைத்தாள். "அன்னிக்கு மாறி இருந்துச்சும்மா, சத்தியமா."

"கடைக் கண்ணாடியில நானும் பாத்தேன். மாறித்தான் இருந்துச்சு" என்றார் முதலாளி. ஏனோ அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. திரும்பவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே போதும் என்பதுபோல் இருந்தார்.

ஒன்று, எல்லோருக்கும் பார்வைக் கோளாறு. இல்லை, தனக்கு மட்டும். கண்ணுக்காரி பகல் முழுக்க ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் எழுந்து, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கூப்பிடாத இடத்துக்குப் போனாள்.

டைல்ஸ் கடையில் ஒவ்வொரு சரக்கும் பளபளக்க வேண்டும் என்பதற்காகக் கூசுகிற மாதிரி விளக்குப் போட்டிருந்தார்கள். குளியலறை மாதிரிகள் அடுக்கியிருந்த பலகைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம் பேரத்தில் இருந்தார்.

"அந்த விலைக்கு நான் குடுத்தா, டைல்ஸோட என்னையும் உங்க பாத்ரூம்ல ஒட்ட வேண்டியதுதான். ரெண்டு ரூபா ஏத்துங்க."

வாய் சிரித்தது. இடது கண்ணில் சிரிப்பு இல்லை, களைப்புத்தான். பாவை மூன்று மில்லி, அட்டை இல்லாமலே தெரிந்தது. பக்கத்தில் அவள் செய்த கண் நாலரையில் முழித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அம்மா சொன்னது சரி. தன் கை தப்பிவிட்டது. பத்தொன்பது வருடத் தொழிலை ஒன்றரை மில்லி தின்றுவிட்டது.

திரும்பிப் போய்விடலாம் என்று அடியெடுத்தாள். பலகை இடித்து, அதிலிருந்த டைல்ஸ் ஒன்று சரிந்தது. முதலாளி திரும்பினார்.

விளக்கு மாறவில்லை. அவர் நின்ற இடம் மாறவில்லை. அவளைப் பார்த்த இடது கண்ணின் பாவை மட்டும் மெல்லத் திறந்தது. மூன்று, மூன்றரை, நாலு. நாலரை வரைக்கும் போனது என்று சொன்னால் அது வியாபாரிப் பேச்சு. நாலைத் தாண்டியது. அந்த வெளிச்சத்தில் அதுவே அநியாயம்.

"அட, வாங்க! எப்ப வந்தீங்க? யாராவது நாற்காலி போடுங்கப்பா!"

கண்ணுக்காரிக்குப் பழைய லாரி டிரைவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அளவெடுக்கும்போது அவருடைய சின்ன மகள் எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பொருத்திய பிறகு, மகள் பக்கத்தில் இருக்கும்போது சரியாக இருக்கும், அவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் ஒன்று பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் நிற்கும். பிடித்தவர்களைப் பார்த்தாலும் பாவை விரியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள். அதிலிருந்துதான் சட்டம்: உறவுக்காரர்கள் வெளியே. தாய், மனைவி, அக்கா, குழந்தை என்று அத்தனை பேரையும் படிக்கட்டில் உட்கார வைத்தவள், அறைக்குள் தானும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்துப் பழக்கமில்லை.

தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி முதலில் வந்தது. அது உட்காருவதற்குள் பயம் வந்து நாற்காலியை இழுத்துக்கொண்டது.

"பாவை பெருசாப் போச்சு சார்" என்றாள் தரையிடம். "சின்னதா வேற பண்ணித் தர்றேன். காசு வேண்டாம்."

"காசு வேண்டாமா?" முதலாளியின் குரல் இறங்கியது. முப்பது வருட வியாபாரம். காசு வேண்டாம் என்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று அவருக்குத் தெரியாதா. "தப்பு எங்க நடந்துச்சு?"

"என்கிட்டதான்" என்று சொல்லி அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

புதுக் கண்ணுக்கு அளவெடுக்கிற அன்று, அக்கா கேட்காமலே படிக்கட்டில் உட்காரப் போனாள்.

"அக்கா, நீங்க உள்ள வாங்க" என்றாள் கண்ணுக்காரி. தன் நாற்காலியை இழுத்து முதலாளிக்கு எதிரே போட்டு, அக்காவை அதில் உட்கார வைத்தாள். தான் பக்கவாட்டில், அவர் பார்வைக்கு எட்டாமல் ஒதுங்கி நின்றாள். "சார், அக்காவையே பாருங்க."

"பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பாருடா. உனக்காக ஓடி ஓடித் தேஞ்ச மூஞ்சி" என்றாள் அக்கா.

மூன்றரை. நல்ல அளவு. கடைக்குப் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தும், மரச்சாமான் கடைக்காரர்களுக்கும் பொருந்தும். உலகத்தில் ஒரே ஒருத்தியின் முன்னால் மட்டும் பொருந்தாது. கண்ணுக்காரி எண்ணை எழுதிக்கொண்டாள். 

"ஒரு சந்தேகம்" என்றார் முதலாளி, அக்காவைப் பார்த்தபடியே. "அன்னிக்கு அக்காவை வெளிய தள்ளினீங்க. இன்னிக்கு உள்ள உக்கார வைக்கிறீங்க. ஏன்?"

"அளவு சார்."

"என்ன அளவு? எனக்குச் சரக்கு விவரம் முழுசாத் தெரியணும்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய்க்கு நிறைய வார்த்தை வேண்டும். "பிடிச்சவங்களைப் பாத்தா பாவை பெருசாகும். அதனாலதான் யாரையும் உள்ள விடறதில்ல."

"சரி. அப்ப அன்னிக்கு யாரும் உள்ள இல்ல."

"இல்ல சார்."

"யாருமே இல்லாமலா நாலரை வந்துச்சு?"

அவள் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையை மறுபடி துடைத்தாள். ஜன்னல் துணி ஆடியது. முதலாளி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு சாண் தூரத்தில் தம்பியின் கண்ணில் நடந்ததை அவளும் பார்த்தாள். பிள்ளை மாதிரி வளர்த்தவள், அவளுக்கு அட்டை வேண்டியதில்லை.

அக்கா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தாள். "நான் வெளியவே இருக்கேம்மா" என்றாள். "நீ முதல்லயே அப்படித்தானே சொன்னே." வாசலில் நின்று, திரும்பாமல், "மரச்சாமான்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே அவங்ககிட்ட நாற்காலி வாங்கினாப் போதும்" என்று முனகிவிட்டுப் போனாள்.

உள்ளே இருவர். பேசிக் களைத்தவர் ஒருவர், பேசாமல் களைத்தவள் ஒருத்தி.

"சின்னதைப் பண்ணுங்க" என்றார் முதலாளி. "ஆனா பெருசைத் திருப்பித் தர மாட்டேன். சின்னது கடைக்கு. பெருசு இங்க வர்றதுக்கு. காசு வேண்டாம்கிற பேச்செல்லாம் வேண்டாம். ரெண்டா எடுக்கிறேன், என்ன போட்டுத் தருவீங்க?"

"தள்ளுபடி கிடையாது" என்றாள். தரையிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னாள்.

அவர் மேசையிலிருந்த அட்டையை எடுத்தார். "உங்களுது எவ்வளவுன்னு பாக்கலாமா?"

அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து எதிர்ச்சுவரில் வெயில் விழுந்தது. அறை மஞ்சளானது. "பதினொண்ணு ஆயிடுச்சு" என்றாள். "வெளிச்சம் சரியில்ல."

"அந்தச் சுவரை உடைச்சிடச் சொல்லட்டுமா?"

"சத்தம் போடும்."

"சரி. நாளைக்குக் காலையில வர்றேன்" என்றவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். அக்கா படிக்கட்டில் விட்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு அவர் தூங்கிப்போனது தெரிந்தது. எழுப்பலாமா என்று யோசித்தாள். அவளுக்கும் கால் வலித்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாததால், கணக்குப் பார்த்தாள்.

முதல் கண், பதினெட்டாயிரம், வரவு, தீர்ந்தது. இரண்டாவது கண், அதே பதினெட்டாயிரம், வர வேண்டியது. எட்டு வருட மஞ்சள், அவர் பேரில் பாக்கி. அவருடைய இடது நாலரை, வலது நாலரை, நேர். அவளுடையது இன்னும் அளக்கவில்லை. அது அவள் பேரில் பாக்கி.